ராஜினாமா செய்த தலைமையாசிரியையும் அவர் வீட்டுக்காரரும்

திண்டுக்கல் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பூட்டும் பிரியாணியும்தான். நாங்களும் மறுப்பதில்லை, இரண்டிலும் வியாபாரம் நடக்கிறது. ஆனால் வாத்தியார் வேலைக்கென்று ஒரு பையனைச் சேர்த்து, அந்த வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் லாயக்காக்கி அனுப்பிவைத்த புண்ணியமும் எங்கள் ஊருக்கு உண்டு. அதை யாரும் பெயர்ப் பலகையில் போடுவதில்லை.

1876. தாது வருஷப் பஞ்சம் தலைதூக்கிய நேரம். ஊருக்கு ரயில் வந்த புதிது. தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்த ஆபிரகாம் என்ற 17 வயதுப் பையன், திண்டுக்கல் நார்மல் பள்ளியில் ஆசிரியப் பயிற்சிக்கு வந்து சேர்ந்தான். சாப்பாட்டுக்கே வழியில்லாத காலத்தில் மாதச் சம்பளத்துக்கு வழிகாட்டும் படிப்பு. வேறொருவன் என்றால் கரும்பலகையில் கோணாமல் எழுதக் கற்றுக்கொண்டு, நல்ல பிரம்பாக ஒன்று பார்த்து வைத்துக்கொண்டு, கரையேறியிருப்பான்.

இவன் என்ன செய்தான்? சடையாண்டி பத்தரிடம் போய்ச் சங்கீதம் கற்றான். போட்டோ பிடிக்கக் கற்றான். வைத்திய ஏடுகளைப் புரட்டினான். அது போதாதென்று மூலிகை தேடிச் சுருளி மலைக்குக் கிளம்பினான். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, கம்பம் என்று நூறு கிலோமீட்டருக்கு மேல். அன்றைக்கு ஏறி உட்கார பஸ்ஸும் கிடையாது. மலையில் கருணானந்தர் என்ற முனிவரைச் சந்தித்து மருந்து முறைகளைக் கேட்டுக்கொண்டு இறங்கினான். கிறிஸ்தவப் பையன், சித்தர் வழி முனிவர், பயிற்சிப் பள்ளி வருகைப் பதிவேடு என்று மூன்றையும் ஒரே ஆள் சமாளித்ததை நினைத்தால் எனக்கு அந்தப் பதிவேட்டின் மேல்தான் பரிதாபம் வருகிறது.

படிப்பு முடிந்து கொஞ்ச காலம் திண்டுக்கல்லிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். (வாத்தியார் ஆகிவிட்டார், இனி ‘ர்’ போட்டுத்தான் ஆக வேண்டும்.) 1882இல் கல்யாணம். மணப்பெண் ஞானவடிவு பொன்னம்மாள். இருவரும் தஞ்சாவூருக்குப் போய் லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அந்தப் பள்ளியில் பொன்னம்மாள் தலைமையாசிரியை. ஆபிரகாம் தமிழாசிரியர். 1880களில் இது! வீட்டில் ‘சோறு எடுத்து வை’ என்று சொல்லக்கூடிய மனிதர், பத்து மணியானால் அதே அம்மாளிடம் ‘மூலிகை பறிக்கப் போகணும், ஒருநாள் லீவு வேணும்’ என்று பணிவுடன் நிற்க வேண்டும். அப்படி நின்றார் என்று ஏட்டில் இல்லை, என் கற்பனைதான். ஆனால் தலைமையாசிரியையை மணந்த எந்த உதவி ஆசிரியரைக் கேட்டாலும் என் பக்கம்தான் பேசுவார்.

1890இல் இருவரும் சேர்ந்தாற்போல் வேலையை விட்டார்கள், முழுநேர வைத்தியத்துக்காக. ‘ஆபிரகாம் பண்டிதர் பள்ளி வேலையைத் துறந்து மருத்துவத்தில் இறங்கினார்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஐயா, அவர் துறந்தது ஒரு தமிழ் வாத்தியார் வேலை. தலைமை நாற்காலியைத் துறந்தது அந்த அம்மாள். பதவியும் போய், அதிகாரம் பண்ண இருந்த ஒரே தமிழாசிரியரும் போய், மிச்சம் கல்வமும் குழவியும்.

மிச்சம் வீண்போகவில்லை. சுருளி மலை முனிவரின் பெயரைச் சூட்டிய மருந்துகள், முக்கியமாகக் கோரோசனை மாத்திரை, தமிழ்நாட்டைத் தாண்டி இலங்கை, பர்மா, மலேயா வரைக்கும் ஓடின. தஞ்சாவூருக்கு வெளியே பெரிய நிலம் வாங்கிக் கருணானந்தபுரம் என்று பெயர் வைத்தார். ஊர் அதைக் காதில் வாங்காமல் ‘பண்டிதர் தோட்டம்’ என்றது. தோட்டத்தில் மூலிகையோடு நின்றிருக்கலாம். கரும்பு ரகங்களைப் பரிசோதித்துக் கண்காட்சிகளில் பதக்கம் வாங்கினார். கவர்னர் ஆர்தர் லாலி வந்து பார்த்துவிட்டுப் போனார். 1909இல் ராவ் சாகிப் பட்டம் வந்தது. மின்சாரத்தில் ஓடும் அச்சகம் வைத்து அதற்கு ‘லாலி’ என்றே பெயரும் வைத்தார். கவர்னர்களைக் குளிரவைக்கும் கலை எங்கள் ஊர்ப் பாடத்திட்டத்தில் இருந்ததா என்று கேட்காதீர்கள்.

காசு சேர்ந்ததும் மனிதர் சும்மா இருக்கவில்லை, சுருதியில் கைவைத்தார். 13ஆம் நூற்றாண்டில் சாரங்கதேவர் ‘சங்கீத ரத்னாகர’த்தில் ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதி என்று எழுதிவைத்திருந்தார். வித்வான்கள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், பாடும்போது தோன்றியபடி பாடினார்கள். பண்டிதர் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஜாதகக் கட்டம் போல வட்டத்தில் 12 வீடுகளை வரைந்தார். ச–ப முறையில் ஒவ்வொரு வீடாகத் தாவிப் போனால் பன்னிரண்டாவது தாவலில் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர வேண்டும். தந்தியை மூன்றில் இரண்டாகப் பிடிக்கும் கணக்கில் போனால் மயிரிழை தள்ளி நிற்கிறது. அப்படியானால் கணக்கு தப்பு, எல்லா வீடும் சம அளவுதான் என்றார். பழந்தமிழ்ப் பாலை முறைகள் நான்குக்கும் ஸ்தாயிக்கு இத்தனை சுருதி என்று கணக்கும் போட்டார்: ஆயப்பாலைக்கு 12, வட்டப்பாலைக்கு 24, திரிகோணப்பாலைக்கு 48, சதுரப்பாலைக்கு 96. வீட்டுப்பாடம் திருத்துகிற வாத்தியாரின் கை, சாரங்கதேவர் நோட்டிலும் சிவப்பு மையை இழுத்துவிட்டது.

சொன்னால் யார் கேட்பார்கள்? 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் தொடங்கி, வித்வான்களைத் தஞ்சாவூருக்கு வரவழைத்து மாநாடு மேல் மாநாடாகத் தன் செலவில் நடத்தினார். தமிழிசை ஆராய்ச்சிக்கு ஆதரவு தந்த வள்ளல்கள் என்று ஜமீன்தார்கள் பெயரைச் சொல்கிறோம். இந்த மாநாடுகளின் பந்திக்குப் பணம் தந்தவர்கள் ரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் உடம்பு சரியில்லாமல் கோரோசனை மாத்திரை வாங்கிப் போட்டவர்கள். அவர்களுக்கு வட்டப்பாலை தெரியாது. உடம்பு தேறியிருந்தால் சரி.

1916இல் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு. இருபத்திரண்டுக்காரர்கள் நிறைந்த சபை. பண்டிதர் தன் கணக்கோடு போனார். கணக்கைப் பேச்சில் மட்டும் விடாமல் மகள்கள் மரகதவல்லியையும் கனகவல்லியையும் சபையில் வீணையோடு உட்காரவைத்து ஸ்வர ஸ்தானங்களைக் காட்டச் செய்தார். சபை மொத்தமும் ஒப்புக்கொண்டதா? சங்கீதக்காரர்கள் எதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்? சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. நேர்மையாகச் சொன்னால், சம அளவுக் கணக்கு எல்லாக் கமகத்துக்கும் பொருந்துமா என்று எனக்கும் சந்தேகம்தான். ஆனால் அதைக் கேட்பதற்கே ஒருவர் மாத்திரை உருட்டிப் பணம் சேர்க்க வேண்டியிருந்தது.

1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது, தன் சொந்த அச்சகத்தில். ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய புத்தகம். தலையணையாக வைத்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், அதற்கும் அவரிடம் மருந்து இருந்திருக்கும். அதுவும் முதல் பாகம்தான். 1919 ஆகஸ்டில் அவர் கண்ணை மூடியபோது இரண்டாம் பாகம் அச்சேறியிருக்கவில்லை. மகள் மரகதவல்லி அதை 1946இல் கொண்டுவந்தார். பள்ளியை விட்டு 29 வருஷம் ஆகியும் வாத்தியார் புத்தி போகவில்லை: பாதிக் கணக்கைப் பலகையில் போட்டுவிட்டு, மீதியைப் பிள்ளைகளிடம் வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.