230 மில்லியில் ஒரு பேட்ச்

பெங்களூரில் ஆன்டிபாடி மருந்து தயாரிக்கும் ஆலையொன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ஹார்வெஸ்ட் நாள் வந்தாலே எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். சைனீஸ் ஹாம்ஸ்டர் செல்களை ரியாக்டரில் இரண்டு வாரம் கண்ணும் கருத்துமாக வளர்த்திருப்போம். அவை சுரந்த மருந்து சுற்றியுள்ள திரவத்தில் கலந்திருக்கும். செல்லை நீக்கி, அந்தத் திரவத்தை மட்டும் தெளிவாக எடுப்பதுதான் ஹார்வெஸ்ட். முதலில் டிஸ்க்-ஸ்டேக் சென்ட்ரிஃப்யூஜ், அடுத்து டெப்த் ஃபில்டர், கடைசியில் 0.2 மைக்ரான் ஃபில்டர். சில மணி நேர வேலைதான். அதற்குள் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இரண்டு வார உழைப்பும் அங்கேயே நின்றுவிடும்.

அப்போதெல்லாம் லேப் சோதனை எளிமையானது. செல் கலவையைக் குழாயில் ஊற்றி, மேசை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளிந்ததைச் சிறிய ஃபில்டரில் விடுவோம். தடையில்லாமல் வடியும். அந்தக் கணக்கில் ஆலைக்கு ஃபில்டர் வாங்குவார்கள். அங்கே பாதி பேட்ச் முடியும் முன்பே பிரஷர் கேஜ் எகிறும். "லேப்ல வடிஞ்சது இங்க ஏன் சார் வடிய மாட்டேங்குது?" என்று ஆபரேட்டர் கேட்பார். எங்கள் துறையின் மிகச் சரியான கேள்வி அது.

பெரிய சென்ட்ரிஃப்யூஜுக்குள் நுழையும் திரவம், சுழலும் கிண்ணத்தின் வேகத்தை இமைப்பொழுதில் எட்டியாக வேண்டும். அந்த உலுக்கலில் நலிந்த செல்கள் கிழிந்துபோகும். 12 முதல் 15 மைக்ரான் அளவுள்ள முழு செல் எளிதில் படிந்துவிடும். ஒரு மைக்ரானுக்கும் சிறிய சிதறல்களோ படியாமல் தப்பி, ஃபில்டரின் துளைகளை அடைக்கும். லேப் குழாயில் செல்லுக்கு அந்தத் துன்பமே நேரவில்லை.

இப்போது லேபிலும் செல்லை முதலில் உலுக்குகிறோம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மைக் ஹோர் குழுவினர் வளர்த்தெடுத்த வழி இது. ஒவ்வொரு தடவையும் 20 மி.லி. கலவையைச் சிறிய கலத்துக்குள் அதிவேகமாகச் சுழலும் தட்டு சில நொடிகள் அலைக்கழிக்கும். அதன்பிறகே மேசை சென்ட்ரிஃப்யூஜ். எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம் என்பதை 1952இல் ஆம்ப்ளர் விளக்கிய சிக்மா கணக்கு சொல்லும். அடுத்து 23 சதுர செ.மீ. டெப்த் ஃபில்டர். சதுர மீட்டருக்கு 100 லிட்டர் என்று கொண்டால் அதில் ஓட வேண்டியது 230 மி.லி. ஆலையின் 2,000 லிட்டருக்கு அதே கணக்கில் 20 சதுர மீட்டர். இந்தச் சோதனையில் பிரஷர் ஏறினால் ஆலையிலும் ஏறும் என்று முன்கூட்டியே தயாராகலாம்.

நேரத்தையும் காற்றையும்கூட ஒப்பிட்டாக வேண்டும். கிழிந்த செல்லிலிருந்து வெளியேறும் என்சைம்கள், ஆக்சிஜன் தீர்ந்துபோன பெரிய டாங்கில் மணிக்கணக்கில் கிடக்கும் ஆன்டிபாடியின் கந்தகப் பிணைப்புகளை அறுத்துத் துண்டாக்கிவிடும். திறந்த லேப் குழாயில் காற்று பட்டுக்கொண்டே இருப்பதால் இது தெரியவே தெரியாது. ஆகவே காற்றுப்புகாத பாத்திரத்தில், ஆலையில் காத்திருக்கும் அதே நேரம் வைத்துப் பார்க்கிறோம். பிணைப்பு அறுவது தெரிந்தால், ஆலை டாங்கில் காற்றைச் செலுத்தி மருந்தைக் காப்பாற்ற வழியிருக்கிறது.

இன்று ஒரு மில்லியில் இரண்டு கோடி செல்களைத் தாண்டுவது சாதாரணம். மருந்தும் அதிகம், கிழிந்து சிதறுவதும் அதிகம். அதனால் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: லேபில் பைப்பெட்டைத் தொடுவதற்கு முன் ஹார்வெஸ்ட் ஷிப்டில் முழுவதும் நில்லுங்கள். செல் எங்கே அடிபடுகிறது, எங்கே காத்திருக்கிறது, எங்கே மூச்சுமுட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அவை அத்தனையையும் உங்கள் சோதனைக்குள் கொண்டுவந்தால், அந்த 230 மில்லி சொல்வதை நம்பி ஒரு நோயாளியின் மருந்தை ஒப்படைக்கலாம்.