டாக்சி கலரில ஒரு கெம்ரி

துபாய், தேரா

அன்பு மச்சானுக்கு,

நீ கேட்டதுக்கு முதல்ல பதில்: இல்ல, காருக்கு இன்னும் பெயின்ட் அடிக்கல்ல. பெயின்ட் பாஸுக்கு மச்சானா இருக்கிறவன் இந்தக் கேள்விக்குத் தப்ப ஏலாது எண்டு தெரியும். ஆனா ஊரே கேட்கும் எண்டு நான் நினைக்கல்ல. பழைய கார் ஒண்டு வாங்கிட்டன் எண்டு சொன்னா, எஞ்சின் எப்பிடி, எத்தினை கிலோமீட்டர் ஓடினது எண்டு ஒரு ஆள் கேட்கணுமே! பெரியநீலாவணை முழுக்க ஒரே கேள்விதான்: "என்ன கலர்?" மணல் கலர் எண்டன். "அதெல்லாம் ஒரு கலரா?" எண்டு உன்ட தங்கச்சி போனை வச்சிட்டா.

அது கலர்தான். ஆனா இந்த ஊர்ல அது டாக்சிட கலர். துபாய் டாக்சி எல்லாத்துக்கும் உடம்பு மணல் நிறம். கூரை மட்டும் கொம்பனிக்குக் கொம்பனி மாறும்: சிவப்பு, நீலம், மஞ்சள், செம்மஞ்சள், பச்சை. பொம்பிளைகள் ஓட்டுற டாக்சிக்கு ரோஸ் கூரை. அதுலயும் டாக்சி எண்டா இங்க கெம்ரிதான் நிறைய. நான் வாங்கினது ஒரு லெபனான்காரர் குடும்பத்துக்கு வச்சிருந்த கெம்ரி. கூரையும் மணல்தான், மேல போர்ட்டும் இல்ல. ஆனா ரெண்டு கையிலயும் சாமான் பை, பிளேனுக்கு நேரமாகுது எண்டு நிற்கிறவன் கூரையையா பார்ப்பான்?

டாக்சி எண்டு நினைச்சுக் கை காட்டுறதோட நிண்டாப் பரவாயில்ல. ஒரு நாள் சிக்னல்ல நிற்கக்குள்ள எகிப்துக்கார மூதாட்டி ஒருத்தி பின் கதவைத் திறந்து ஏறி இருந்து, சிட்டி சென்டருக்கு விடு எண்டு சொல்லிட்டு, போன்ல மகளோட கதைக்கத் தொடங்கிட்டா. அந்தக் கதைக்கு இடையில நான் எங்க போய் விளக்கம் சொல்றது? சொந்தக் காரில காசுக்கு ஆள் ஏத்தினா இங்க பெரிய அபராதம். சும்மாதான் கொண்டுபோய் விட்டன். இறங்கக்குள்ள அவ இருபது திர்ஹத்தை நீட்டுறா, நான் ரெண்டு கையையும் மேல தூக்கி "லா, லா" எண்டுறன். பக்கத்தில நிண்ட பெஷாவர் டாக்சிக்காரர், நான் ஓசியில ஓடித் தொழிலைக் கெடுக்கிறன் எண்டு நினைச்சு முறைச்ச முறைப்பு இன்னும் கண்ணுக்குள்ள நிற்குது.

அண்டைக்கு ராவு வாட்ஸ்அப்பில "கலர் மாத்தலாமா?" எண்டு ஒரு வரி எழுதினன். மறுகா நடந்தது உனக்குத் தெரியும். உம்மா பச்சை எண்டா, பள்ளிக் குப்பாவைப் பார்த்து. உன்ட தங்கச்சி மெரூன். மாமி வெள்ளை, வெள்ளைக்கு வெயில் ஏறாது எண்டதுக்காக இல்ல, உன்ட காரும் வெள்ளை எண்டபடியால. சின்னவன் கறுப்பு. வாப்பா மட்டும்தான் ஒழுங்கான கேள்வி கேட்டார். மருதமுனையில தறியோட வளர்ந்த மனுசன்தானே, "எந்தக் கலரையும் போடு மகன், சாயம் போகுமா எண்டு முதல்ல கேளு" எண்டார். இதுல ஏறி இருக்கப்போற ஒரே ஆள் நான். எனக்கு மட்டும் வோட்டு இல்ல. அந்த ஹென்றி ஃபோர்ட் 1914இல இருந்து 1925 வரைக்கும் தன்ட டி மாடல் காரைக் கறுப்பில மட்டும்தான் வித்தாராம். எத்தினை குடும்பத்தைக் காப்பாத்தி இருக்கார்!

சின்னவனுக்கு ஒரு ஆராய்ச்சியையே சொல்லிப் பார்த்தன். கலிபோர்னியாவில லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்து ஆக்கள் ரெண்டு ஹொண்டா சிவிக்கை வெயில்ல விட்டுப் பார்த்திருக்காங்க, ஒண்டு கறுப்பு, மற்றது வெள்ளி. கறுப்புக் கூரை 25 பாகை வரைக்கும் கூடச் சூடு. உள்காத்தும் 5, 6 பாகை கூட. அங்கயே அப்பிடி எண்டா இங்க ஆவணி மாசம் ஸ்டியரிங்கைப் பிடிக்கவும் துணி வேணும். "ஏசியைக் கூட்டுங்க வாப்பா" எண்டு முடிச்சிட்டான்.

சரியெண்டு ஷார்ஜா தொழிற்பேட்டையில ஒரு கராஜுக்குப் போனன். அங்க பெயின்ட் பாஸ் ஒரு மலபாரி. காரை ஒரு சுத்துச் சுத்தி, பொனட்டைத் தட்டிப் பார்த்து, நீ சொல்றதைத்தான் சொன்னார். அதே கலரை அடிக்கிறது ஒரு வேலை, கலரை மாத்துறது வேற வேலை. கதவு கழட்டணும், கதவு நிலை, பொனட்டுக்கு அடி, டிக்கிக்கு உள், பெற்றோல் மூடி எல்லாம் அடிக்கணும். பெக்டரியில வெறும் கூட்டை 140 பாகையில சுட்டு எடுக்கிறாங்க; கராஜில வயரும் சீட்டும் பிளாஸ்டிக்கும் இருக்க, 60க்கு மேல ஏத்த ஏலாது. (நீ கல்முனை வெயில்ல காயவைக்கிறதைப் பத்தி நான் அவருக்கு ஒண்டும் சொல்லல்ல.) இதுக்கெல்லாம் முதல்ல அனுமதி எடுக்கணும், முல்கியா எண்ட பதிவு அட்டையும் பாஸிங் எண்ட பரிசோதனையும் வேற இருக்கு. அனுமதி இல்லாமக் கலர் மாத்தினா அபராதம்.

வெளிப்பக்கம் மட்டும் அடிச்சா எவ்வளவு எண்டு கேட்டன். அந்த மனுசன் சிரிச்ச சிரிப்பு! "நாளைக்கு இதை விக்கப் போவாய். வாங்க வாறவன் மீட்டரை வச்சுப் பெயின்ட்ட கனத்தைப் பார்ப்பான். கொம்பனிப் பெயின்ட் நூறு, நூற்றைம்பது மைக்ரோன். இது அதுல ரெண்டு மடங்கு காட்டும். மறுகா கதவைத் திறப்பான். வெளிய வெள்ளை, உள்ள மணல் கலர், வண்டி கெம்ரி. என்ன நினைப்பான்?"

விளங்கிச்சா மச்சான்? டாக்சி எண்டு ஆக்கள் நினைக்கிறாங்களே எண்டு கலரை மாத்தினா, பழைய டாக்சியை வாங்கிப் பெயின்ட் அடிச்சு மறைச்சவன் எண்டு என்ட பேர் நிற்கும். மணல் கலரோட விட்டா எப்பவாவது ஒருத்தர் கை காட்டுவார். வெள்ளை அடிச்சா அது சாகும் வரைக்கும் டாக்சி.

நீ சொன்ன யோசனையையும் நான் மறக்கல்ல: "இங்க அனுப்பு, சும்மா அடிச்சுத் தாறன்." மச்சான், இதுல ஸ்டியரிங் இடப்பக்கம். இலங்கையில 2020 மார்ச்சில நிப்பாட்டின கார் இறக்குமதியை 2025 பெப்ரவரியில திறந்திட்டாங்கதான்; அதுக்காக இடப்பக்க ஸ்டியரிங்கை மெயின் றோட்டில விடுவாங்களா? வரியைக் கேட்டா உம்மா தஸ்பீஹ் மணியைக் கையில எடுத்திருவா.

முடிவு இதுதான். நம்மட ஊர்ல கடல் உப்புக் காரை அடியில இருந்து திங்கும், இங்க வெயில் மேல இருந்து திங்குது. கூரையிலயும் பொனட்டிலயும் கிளியர் கோட் தோலுரிஞ்சு நிற்குது. அந்த ரெண்டையும் சுரண்டி, அதே மணல் கலரை அடிச்சு, மிச்சத்துக்குக் கட் அன்ட் பொலிஷ். வாப்பாட்ட சாயம் போகாது எண்டு சொல்லு. உம்மாட்டப் பச்சைப் பெயின்ட் முடிஞ்சிட்டாம் எண்டு சொல்லு. உன்ட தங்கச்சிக்கு நானே சொல்றன், சம்பளம் அனுப்புற அண்டைக்கு.

கை காட்டுறவங்களுக்கு வழி சொன்னதும் அந்த மலபாரிதான்: கூரையில ஒரு கெரியர் போடு, டாக்சியில கெரியர் இருக்காது, பார்த்த உடனே தெரியும் எண்டார். போட்டன். போன வெள்ளி ஜும்ஆ முடிஞ்சு வெளிய வாறன், காருக்குப் பக்கத்தில ஒரு வங்காளி நிற்கிறார். சலாம் சொல்லிட்டுக் கேட்கிறார்: அஜ்மானுக்கு ஒரு பிரிட்ஜ் கொண்டுபோகணும், எவ்வளவு எடுப்பீங்க?

இப்படிக்கு,
உன்ட மச்சான்