வாய்க்கும் ஒரு பூட்டு

கேள்வி: கம்பெனி வேலையாக அடிக்கடி நாக்பூர், போபால் என்று ரயிலில் தனியாக அலைகிறேன். பத்திரமாகப் போய்வர என்ன வழி?
- விற்பனைப் பிரதிநிதி ஒருவர், கரூர்

பதில்: முதலில் வாய்க்குப் பூட்டுப் போடுங்கள். எதிர் சீட்காரர் "சாருக்கு எந்த ஊர்?" என்று கேட்டதுமே தங்கப்போகும் லாட்ஜ், பையிலிருக்கும் வசூல் பணம் வரை ஒப்பிக்கிற ஜாதி நாம்! அப்புறம் பெட்டிக்குப் பூட்டு. கீழ் பெர்த்துக்கு அடியில் இருக்கும் வளையம் அழகுக்கு அல்ல, சங்கிலி கோக்கத்தான். லேப்டாப் பையைத் தலைக்கு வைத்துப் படுங்கள். கழுத்து வலிக்கும், ஆனால் பை இருக்கும். முன்பின் தெரியாதவர் பிஸ்கட் நீட்டினால், "வயிறு சரியில்லைங்க" என்று தாராளமாகப் பொய் சொல்லலாம். லாட்ஜில் ஆதார் கேட்டால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' நகலைக் கொடுங்கள். டாக்ஸியில் நம்பர் பிளேட்டைச் சரிபார்த்த பிறகே ஓடிபி. ரயிலில் தொல்லை என்றால் 139, வெளியே ஆபத்து என்றால் 112.

ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் போன் வீட்டுக்குப் பண்ணுங்கள். மேனேஜருக்குப் பண்ணினால், நீங்கள் வந்து சேர்ந்ததைக் கேட்கமாட்டார். ஆர்டர் வந்து சேர்ந்ததா என்றுதான் கேட்பார்!