எட்டாம் அத்தியாயம்

புனேயின் அப்பா பல்வந்த் சௌக்கை அறிந்தவர்களுக்குத் தெரியும், அங்கே புத்தகக் கடைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கும். 1990-களின் நடுவில், உளவியல் படித்துக்கொண்டிருந்த நான், அவற்றில் ஒரு கடையில் ஒரு புத்தகத்துக்குச் சொல்லிவைத்துவிட்டு வாரம் இரண்டு முறை போய் நிற்பேன், கடைக்காரர் என்னைக் கண்டதுமே தலையை ஆட்டிவிடுவார், நானும் ஒரு கரும்புச்சாறு குடித்துவிட்டு, வந்த வழியே நடந்து திரும்புவேன். கிடைக்காத புத்தகத்தை நினைத்துக்கொண்டே நடந்த அந்தச் சாயங்காலங்களின் ருசி, இன்று எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் வருவதில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு கடை இருந்திருக்கும்.

அந்தப் புத்தகம் ஜூடித் ஹெர்மன் 1992-இல் எழுதிய ‘ட்ராமா அண்ட் ரெகவரி’. அதை நான் தேடியதற்குக் காரணம் கில்லாரி. 1993 செப்டம்பர் 30, விடிவதற்கு முன், பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து அயர்ந்து தூங்கியவர்கள்மேல் லாத்தூர்ப் பக்கத்துக் கல்வீடுகள் பூகம்பத்தில் சரிந்தன. போர்வை மூட்டைகளோடு போன இளைஞர் கூட்டத்தில் நானும் இருந்தேன். கீறல்கூட விழாத வீட்டுக்காரர் ஒருவர், வாரங்கள் கழித்தும் வாசலைத் தாண்டி உள்ளே போக மறுத்தார். அவரிடம் என்ன சொல்வதென்று என் பாடத்தில் இல்லை. அந்த அவதிக்கு அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் ‘பிடிஎஸ்டி’ என்று பெயர் வைத்ததே 1980-இல்தான்.

கடைசியில் அந்தப் புத்தகம் ஒரே ஓர் இரவுக்கு இரவலாகக் கிடைத்தது. முழுவதையும் ஜெராக்ஸ் எடுக்கக் காசு கட்டுப்படியாகவில்லை. நினைவுகூர்தலையும் துக்கத்தையும் பற்றிய ஒன்பதாம் அத்தியாயத்தை மட்டும் எடுத்தேன். பாதுகாப்பைப் பற்றிய எட்டாம் அத்தியாயம் அவ்வளவு அவசரமில்லை என்று தோன்றியது.

அப்போது நான் நாராயண் பேட்டையில், வாடா என்று சொல்லும் ஒரு பழைய முற்றத்து வீட்டில் குடியிருந்தேன். நம் காதுக்கு யாரையோ உரிமையோடு கூப்பிடுவதுபோல் ஒலிக்கும் அந்த மராத்திச் சொல்லே அந்த வீட்டின் சுபாவமாகவும் இருந்தது, என்னைப் ‘பாளா’ என்று கூப்பிட்டு, வியாழக்கிழமைகளில் சாபுதானா கிச்சடி கொடுத்தனுப்பும் ஆஜி, அதாவது பாட்டி, ஒருவர்தான் அதன் சொந்தக்காரர். ஜூலை மழை வலுத்தால் அவர் படுக்க மாட்டார். மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார், டிரங்குப் பெட்டி எப்போதும் பரணில்தான். 1961 ஜூலை 12-இல் பான்ஷெட் அணை உடைந்து, அந்த வெள்ளம் கடக்வாஸ்லாவையும் உடைத்து, முட்டா ஆறு பேட்டைகளுக்குள் புகுந்த நாள் அவருக்குள் இன்னும் வடியாமல் இருந்தது. இருபது பக்க ஜெராக்ஸைப் படித்த நான், ஒரு மழை இரவில் அவர் அருகில் உட்கார்ந்து, அன்று என்ன நடந்தது, யார் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் சொன்னார். சொல்லச் சொல்லக் கை நடுங்கியது. அடுத்த இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை.

பல மாதம் கழித்து எட்டாம் அத்தியாயத்தைப் படித்தேன். காயப்பட்டவருக்கு முதலில் பத்திரமான இடம், தூக்கம், சாப்பாடு, தன் உடம்பின்மேல் தன் பிடி. நினைவைத் தொடுவது அதற்குப் பிறகு என்று ஹெர்மன் வரிசைப்படுத்தியிருந்தார். ஆஜியிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையைத் தடவி, கிச்சடி ஆறுகிறது என்றார்.

இன்று என் சிகிச்சை அறைக்கு வருகிற இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் பெசல் வான் டெர் கோல்க்கின் ‘தி பாடி கீப்ஸ் த ஸ்கோர்’ புத்தகத்தைக் கைபேசியிலேயே வைத்திருக்கிறார்கள். 2014-இல் வந்த அந்தப் புத்தகம் செய்த நன்மை பெரிது. உடம்பில் தங்கிய பயத்தைச் சோம்பல், பிடிவாதம் என்று வீட்டார் திட்டிய காலத்தை அது கொஞ்சமாவது அசைத்தது. ஆனால் வியட்நாம் போருக்குப் போய்வந்த அமெரிக்கச் சிப்பாய்களும், சின்ன வயதில் சீரழிக்கப்பட்டவர்களும் பட்டதை நேராகச் சொல்லும் பக்கங்கள் அதில் உண்டு. நள்ளிரவில், ஹிஞ்சவடி விடுதி அறையில், தனியாக அதைப் படித்துவிட்டு விடியும்வரை விளக்கை அணைக்காமல் இருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். புத்தகம் மெதுவாக வந்த காலத்தில் அந்தத் தாமதமே ஒரு பத்தியமாக இருந்தது என்று இப்போது படுகிறது.

ஆகவே சிகிச்சை செய்யப் படிப்பவர்களுக்கு ஹெர்மனைச் சொல்கிறேன், முழுசாக, வரிசை மாறாமல். கூடவே பாபெட் ராத்ஸ்சைல்டின் ‘தி பாடி ரிமெம்பர்ஸ்’. வண்டியைக் கிளப்பும் முன் பிரேக் பிடிக்கத் தெரிய வேண்டும் என்பதுதான் அதன் பாடம். சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு அவரே 2010-இல் எழுதிய ‘8 கீஸ் டு சேஃப் ட்ராமா ரெகவரி’ போதும், அதுவும் வாரம் ஓர் அத்தியாயம். வதைமுகாமிலிருந்து மீண்ட விக்டர் பிராங்கல் ஒன்பதே நாளில் சொல்லி எழுதவைத்த ‘மேன்ஸ் சர்ச் ஃபார் மீனிங்’கைக் காயம் ஓரளவு ஆறிய பிறகு கொடுக்கிறேன், ரத்தம் நிற்காதவரிடம் அர்த்தம் தேடச் சொல்வது கொடுமை.

தமிழில் கேட்டால், யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1993-இல், போருக்கு நடுவில், தம் மக்களுக்காக எழுதிய ‘மனவடு’. கில்லாரி இடிந்த அதே வருஷம் நம் மொழியில் இப்படி ஒரு புத்தகம் இருந்தது, நான் அப்பா பல்வந்த் சௌக்கில் ஆங்கிலத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டிலும் மழைக்குப் படுக்காத ஒருவர் இருக்கக்கூடும். அவருக்கு ஒரு புத்தகத்தை அனுப்பும் முன், நேற்று இரவு தூங்கினாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.