தலைவரே, மடைச் சாவி யார்கிட்ட?

வா மாப்ள, இப்படித் திண்ணையில உக்காரு. கழுத்துல போட்ட மாலை வாடறதுக்குள்ள பயிற்சிக்குப் போயிட்டு வந்துட்டியாமே? பை நல்லா இருக்கு. ஜிப்பு ரெண்டு வச்சிருக்காக. உள்ள என்ன, நோட்டு, பேனா, சான்றிதழ், ஒரு தண்ணி பாட்டில். கம்மாய் நிர்வாகம் படிக்கப் போனவனுக்குக் குடிக்கிற தண்ணியைப் பாட்டில்ல அடைச்சுக் குடுத்திருக்காக பாரு, அதுலயே பாதிப் பாடம் முடிஞ்சுபோச்சு.

சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டிரு. கண்ணாடி கொஞ்சம் கனமா இருக்கட்டும். ஐப்பசியில மடை தொறக்கலைன்னு ஊரு கல்லெடுக்கும்போது தாங்கணும்ல.

நீ பாசன சங்கத் தலைவர் ஆனதுல எனக்குச் சந்தோசந்தான். போட்டியே இல்லாம ஜெயிச்சியாம். தேர்தல்னு ஒண்ணு நடந்ததே ஆயக்கட்டுல பாதிப் பேருக்குத் தெரியாதப்ப, எவன் போட்டிக்கு வருவான்? 2000த்துல சட்டம் போட்டாக, பாசனத்தை விவசாயியே பாத்துக்கிடணும்னு. சட்டத்துல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். ஓட்டு மட்டும் ஆயக்கட்டுல நிலம் உள்ளவனுக்கு. நாத்து நடுற பொம்பளைக்கு நிலம் இல்ல, அதனால ஓட்டு இல்ல. உள்வாயில ஆடு மேய்க்கிறாளே வடக்குத் தெருக் கெழவி, தண்ணி எந்தப் பக்கம் முதல்ல வத்தும், எந்தப் பள்ளத்துல பங்குனி வரைக்கும் நிக்கும்னு விரல் விட்டுச் சொல்லுவா. அவளுக்கும் இல்ல. மதுரையில வீடு கட்டிக் குடியிருந்துக்கிட்டு இங்க நாலு ஏக்கரைத் தரிசாப் போட்டிருக்கானே நம்ம சின்னவன், அவனுக்கு உண்டு. நீ இதை மாத்தப் போறதில்ல. கூட்டம் போடறப்ப கெழவியையும் கூப்பிட்டு உக்கார வையி. ஓட்டில்லாட்டிப் போகுது, வாய் இருக்குல்ல.

அங்க என்னதான் சொல்லிக் குடுத்தாக? ஒருங்கிணைந்த நீர்வள மேலாண்மையா? ஆத்தாடி. இதை நீ மூச்சு விடாம சொல்லி முடிக்கறதுக்குள்ள நம்ம கலுங்கு மறுகால் பாஞ்சு அடுத்த ஊருக் கம்மாய் ரொம்பிரும்.

பயிற்சியே வேணாம்னு சொல்ல வரல மாப்ள. துவாக்குடியில பாசனத்துக்குன்னே ஒரு பயிற்சி நிலையத்தை 1984லயே தொறந்தாக. இன்சினியருக்கும் பாடம், சம்சாரிக்கும் பாடம். அப்படி ஒண்ணு வேணுந்தான். எனக்கு ஆவலாதி என்னன்னா, பயிற்சிக்குப் போற பட்டியல்ல தலைவர் இருக்கான், செயலாளர் இருக்கான், செயலாளரோட மச்சினன் இருக்கான், மடையில நிக்கிற நீர்க்கட்டி மட்டும் இல்ல. அவரு எழுத்துக் கூட்டித்தான் படிப்பாருன்னு விட்டுட்டீகளாக்கும்.

நீ ஒருநா விடியக்காலம் அவரு பின்னாடி போய்ப் பாரு. மண்வெட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு வாய்க்கால் கரையிலயே நடப்பாரு. ஒரு வயல்ல எறங்கி, கால் பெருவிரலைச் சேத்துல அமுக்கிப் பாப்பாரு. விரல் போற ஆழத்தை வச்சு, இதுக்கு இன்னைக்கு வேணாம், நாளன்னைக்குப் பாத்துக்கிடலாம்னு நகந்துருவாரு. அந்த வயலு என்னோடதா, உன்னோடதா, ஊராட்சித் தலைவரோடதான்னு பாக்க மாட்டாரு. பாத்தா மறுநா ஊரு அவரைச் சும்மா விடாது. அதான் மாப்ள நிர்வாகம். நீங்க பவர் பாயிண்டுல போட்டுக் காட்டுறதும் அதைத்தான்.

மடைக்கு வருவோம். முன்னாடி நம்மளுது குமிழி மடை. கம்மாய்க்குள்ள ரெண்டு கல்தூணு நிக்கும், மேல கொக்கு உக்காந்திருக்கும். நீர்க்கட்டி நீந்திப் போய் மூச்சடக்கி முங்கி அடைப்பைத் தூக்குவாரு. தண்ணி போக ஒரு துளை, அதுக்கும் கீழ சேறு போகத் துளை. மடை தொறந்தா வண்டலும் சேர்ந்து வயலுக்கு ஓடிரும், தூர்வாரச் செலவும் கொறையும். பாண்டியன் காலத்துக் குமிழி இன்னும் எத்தனையோ கம்மாய்ல நிக்குது. நம்மூர்ல அதை ஒடைச்சுப்புட்டுத் திருகு ஷட்டர் வச்சாக. வச்ச மறுவருசமே கைப்பிடியைக் களவாண்டுருவாகன்னு அப்ப இருந்த தலைவர் கழட்டித் தன் வீட்டுப் பரண்ல போட்டாரு. அவரு இப்ப மகன் வீட்டுல, சென்னையில. வீடு பூட்டிக் கெடக்கு. போன வருசம் எவனோ குழாய் ஸ்பானரைப் போட்டுத் திருகி மரை தேஞ்சுபோச்சு. இப்ப ஷட்டர் முழுசா மூடவும் மாட்டேங்குது, முழுசாத் தொறக்கவும் மாட்டேங்குது. அது பாட்டுக்குத் தண்ணி ஒழுகுது. நீ அறிக்கையில கசிவு இழப்புன்னு எழுதிக்க. ஆனா எழுதறதுக்கு முன்னாடி சென்னைக்கு ஒரு போன் போடு.

இந்தக் கம்மாய் யாருதுன்னு உனக்குச் சொல்லிக் குடுத்தாகளா? தமிழ்நாட்டுல கம்மாய், ஏரி, குளம்னு 39,000க்கு மேல கெடக்கு. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை, கீழ இருந்தா ஊராட்சி ஒன்றியம். நம்மளுது நூத்துச் சொச்சம் ஏக்கர்ங்கறதால பெரிய ஆபீசுக் கம்மாய். அதோட முடிஞ்சுதா? உள்வாயில நிக்கிற கருவேலத்தை வெட்டணும்னா வனத்துறையைக் கேக்கணும். மீன் ஏலத்துக்குத் தனி ஆபீசு. ரெண்டு டிராக்டர் வண்டல் அள்ளணும்னா தாசில்தார் அனுமதி. புறம்போக்குல வீடு கட்டினவனைக் கெளப்ப வருவாய்த் துறை. கரை ஒடைஞ்சா மட்டும் எல்லாரும் சேந்து ஒரே வார்த்தையாச் சொல்லுவாக, அது சங்கத்தோட பொறுப்புன்னு. அப்பத்தான் நீ தலைவருங்கறது ஊருக்கே தெரியும்.

ஆராய்ச்சிக்காரவுக வருவாக, பயந்துராத. பெரும்பாலும் சித்திரை வைகாசியில வருவாக. காலேஜு லீவு அப்பத்தான். அந்தக் காலத்துல வரத்துக்கால் எங்க ஓடுதுன்னு ஆட்டுக்குத்தான் தெரியும். நாப்பது கேள்வி அச்சடிச்சுக் கொண்டாந்து, தண்ணிப் பங்கீட்டுல திருப்தியா, ரொம்பத் திருப்தியான்னு கேப்பாக. ஒரு பொண்ணு மட்டும் கார்த்திகையில வந்துச்சு. அடைமழை. நான் கொடையைக் குடுத்து, வீட்டுக்குள்ள உக்காந்து எழுதிக்கம்மான்னேன். அது சாக்கைத் தலையில கொங்காணியாப் போட்டுக்கிட்டு நீர்க்கட்டியோட வரத்துக்கால் ஓரமாவே நடந்து போயிருச்சு. பொழுது சாஞ்சு வந்து ஒரு படம் போட்டுக் காட்டுச்சு. எந்த எடத்துல தண்ணி வாய்க்காலை விட்டுக் கெளம்பி ரோட்டு மேல ஓடுது, எந்தப் பாலம் மேடு தட்டிப்போச்சு, எங்க சீமைக்கருவேலம் மறிச்சு நிக்குது, அம்புட்டும் அதுல இருந்துச்சு. நாங்க இத்தனை வருசமா மேல் ஊருக்காரன் தண்ணியைத் திருப்புறான்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்தோம். தண்ணி நம்ம எல்லைக்கு வந்துக்கிட்டேதான் இருந்திருக்கு. எல்லைக்குள்ள வந்தப்புறம்தான் காணாமப் போயிருக்கு.

அந்தப் பொண்ணு இன்னொண்ணும் கேட்டுச்சு. தாத்தா, போர் போட்டவுக வரத்துக்கால் வெட்ட வருவாகளான்னு. நான் சிரிச்சேன். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பழனிசாமி இதைத்தான் ரொம்ப வருசமா ஆராய்ஞ்சு எழுதியிருக்காராம். கெணறும் போரும் பெருகப் பெருக, கம்மாய் வேலைக்குக் கூடுற கூட்டம் கொறையுதுன்னு. கரண்டு இனாம், மோட்டார் சொந்தம், அவன் எதுக்கு மண்வெட்டி எடுக்கான்? ஆனா கம்மாய்ல தண்ணி நின்னாத்தான் அவன் போர்லயும் ஊறும். அதை அவன்கிட்டச் சொன்னா, உன் போரைப் பாத்துக்கிட்டுப் போங்கறான். 2003ல நிலத்தடித் தண்ணிக்கு ஒரு சட்டம் போட்டாக. நடைமுறைக்கே வராம 2013ல திரும்ப வாங்கிட்டாக. பத்து வருசம் உசுரோட இருந்தும் எவனுக்கும் ஒரு தொந்தரவு குடுக்காத சட்டம்னா அது ஒண்ணுதான். போர்க்காரனுக்கும் சந்தா போடு மாப்ள. ஏக்கருக்கு இவ்வளவுன்னு கம்மாய்ப் பாசனக்காரன் குடுக்கறதை அவனும் குடுக்கட்டும். முதல் போர்க்காரன் யாருன்னு கேக்கிறியா? நீதான்.

சரி, அந்தப் படத்துல ஒரு எடம் செவப்பு மையில சுழிச்சிருந்துச்சு. எங்க தெரியுமா? கெழக்கால தென்னந்தோப்பு. ஆமா, உன் மாமனார் தோப்புதான். புலப்படத்துல வாய்க்கால் புறம்போக்குன்னு போட்டிருக்கு. அவரு அதுல மூணு வரிசை தென்னை வச்சு, வேலியும் போட்டு, வாசல்ல நாயும் கட்டியிருக்காரு. ஆக்கிரமிப்பை எடுக்கறதுக்கு 2007லயே சட்டம் இருக்கு. நோட்டீசு குடுக்க ஆபீசு இருக்கு. ஆனா நீ பேசாம இருந்தா அந்த நோட்டீசு எந்தக் காலத்துலயும் தோப்பு வரைக்கும் நடந்து வராது. நீ வீட்டுல மொதல்ல பேசிரு. ராத்திரி சோத்துக்கு முன்னாடி பேசாத, சாப்பிட்டப்புறம் பேசு.

கோவிச்சுக்கிறாத. உத்திரமேரூர்ல பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு, ஆயிரத்து நூறு வருசம் ஆச்சு. ஏரிக்குன்னே ஒரு வாரியம் வச்சு, கொடத்துல ஓலை போட்டு ஆள் எடுத்திருக்காக. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரைக் கொடத்துலயே போடக் கூடாது. அவன் மட்டுமில்ல, அவன் அப்பன், மகன், அண்ணன் தம்பி, மாமனார், தாய்மாமன், மருமகன் வரைக்கும் போடக் கூடாது. அது பிராமணர் சபை, நம்மளையெல்லாம் அந்தக் கொடத்துப் பக்கம் விட்டிருக்க மாட்டாக, அது வேற கதை. ஆனா சொந்தக்காரனைப் பத்தி அவுகளுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. நீ கணக்குக் காட்டலைன்னா எனக்கும் தகுதி போயிரும் பாரு, அதான் என் கவலை.

குடிமராமத்துன்னு 2017ல திரும்பக் கொண்டாந்தாக. பத்துல ஒரு பங்கு ஊரு போடணும்னாக, பணமாவோ உழைப்பாவோ. முதல் சுத்துல 1,519 வேலை. நல்லாச் செஞ்ச ஊரும் உண்டு. சில ஊர்ல அந்தப் பத்துல ஒரு பங்கை ஒப்பந்தக்காரரே பெருந்தன்மையாப் போட்டுட்டாருன்னும் கேள்வி. வெள்ளைக்காரன் 1858ல மராமத்து வேலைக்கு வராதவனைக் கட்டாயப்படுத்தச் சட்டமே போட்டான். அவனாலயும் முடியல. ஊரு எறங்குனா எறங்கும், இல்லாட்டி வேப்ப மரத்தடியில உக்காந்து ஜேசிபியை வேடிக்கை பாக்கும்.

அதனால இப்படிச் செய்யி. மார்ச் 22ல தண்ணி தினத்துக்குன்னு கிராம சபை போடுறாக, பங்குனி வெயில்ல. போய் ஒரு தீர்மானம் போட்டுட்டு வா, மோர் குடுப்பாக. நவம்பர் ஒண்ணாந்தேதி சபைதான் காரியம். அப்ப ஐப்பசி, மழை எறங்கியிருக்கும். அதைச் சமுதாயக் கூடத்துல வைக்காம கரையில வைக்கச் சொல்லு. கெழவி வரட்டும், நடவுக்காரிக வரட்டும், அந்தப் பொண்ணு போட்ட படத்தைப் பெருசா அச்சடிச்சுக் கட்டு. பேச்சு நீ பேசாத. நீர்க்கட்டி முன்னால நடக்கட்டும், எல்லாரும் பின்னால வரத்துக்கால் முழுக்க நடங்க. தோப்பு வந்ததும் நாயைப் பிடிக்க உன் மாமனாரையே கூப்பிடு.

இன்னொண்ணு, மறந்துட்டேன் பாரு. நீர்க்கட்டிக்கு ஏக்கருக்கு இம்புட்டு நெல்லுன்னு ஊரு பேசி வச்சிருக்குல்ல. உன் வீட்டுப் பங்கு மூணு அறுப்பாப் பாக்கியாம். அவரு கேக்க மாட்டாரு, தலைவர் வீடாச்சே. போற வழிதானே, இன்னைக்கே அளந்து போட்டுட்டுப் போயிரு. ரசீது கேட்டுக்கிட்டு நிக்காத.