ஒன்பதால் வகுபடும் வித்தியாசம்

எண்பதுகளின் கடைசியில் திருச்சியில் பி.காம். படித்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஆபீஸ் வேலைக்கான படிப்பு அன்று கல்லூரியில் தொடங்கவில்லை. காலை ஆறு மணிக்கு, ஏதோ ஒரு கடையின் மாடியில், ரிப்பன் மையும் மெஷின் எண்ணெயும் கலந்து மணக்கும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில்தான் தொடங்கியது. ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே என்று பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளுவோம். லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. இரண்டையும் முடித்து, பிட்மன் சுருக்கெழுத்தும் கைவந்துவிட்டால் பையன் எங்காவது ஒட்டிக்கொள்வான் என்பது அப்பாக்களின் கணக்கு.

பையன்களின் கணக்கு வேறு. ஆணும் பெண்ணும் ஒரே அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க ஊர் சம்மதித்த இடம் அது ஒன்றுதான். பக்கத்து மெஷினில் வரி முடியும் மணி எப்போது அடிக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு, என் மணியும் அதே நேரத்தில் அடிக்கும்படி வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பழகியதில் என் விரல்களுக்கு வந்த தாளக்கட்டு மாஸ்டரின் எந்தப் பாடத்திலும் வந்ததில்லை; அந்தப் பெண்ணுக்கு இது கடைசிவரை தெரியாது, அவள் பாட்டுக்கு ஹையரில் டிஸ்டிங்ஷன் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது நாங்கள் இறுதியாண்டு. முதல்வர் அறையிலேயே மின்விசிறிதான் சுற்றியது. ஏசி கம்ப்யூட்டருக்கு மட்டும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசிக்காக என்றார் லேப் அண்ணன். வைரஸுக்காக என்று நம்பினோம் நாங்கள், காலைக் கழுவிவிட்டு வந்தவனும் எங்கள் வகுப்பில் உண்டு. ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி ஒன்றைச் சட்டைப் பையில் பாதி வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பது அன்றைக்கு ஒரு அந்தஸ்து. அதில் கொள்ளும் அளவு 360 கேபி. இன்று ஃபோனில் பேரனை எடுக்கும் ஒரே ஒரு படத்தை வைக்கவே அப்படி ஒரு கட்டு ஃப்ளாப்பி வேண்டும் என்பது தெரியாமல், என் ஆயுளுக்கு இந்த ஒன்று போதும் என்று நினைத்திருந்தேன்.

அந்த லேபில் கடிதம் அடிக்கக் கற்ற வேர்ட்ஸ்டாரில் மௌஸுக்கு வேலையே கிடையாது. ஒரு பத்தியை இடம் மாற்ற வேண்டுமானால் தொடக்கத்தில் கன்ட்ரோல் கே பி, முடிவில் கன்ட்ரோல் கே கே, கர்சரைப் புது இடத்துக்குக் கொண்டுபோய் கன்ட்ரோல் கே வி. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இவற்றைச் சஹஸ்ரநாமம்போல முணுமுணுத்துக்கொண்டே வருவோம். கணக்குப் போடும் லோட்டஸ் 1-2-3இல் சாய்கோடு ஒன்றைத் தட்டினால் மேலே மெனு வந்து நிற்கும், அது கொஞ்சம் இரக்கமுள்ளது. தகவல்களைச் சேர்த்து வைக்கும் டிபேஸ் அப்படியல்ல. திரையில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் என்ன எழுத வேண்டும் என்பது நமக்குத் தெரிந்தால் உண்டு, தெரியாவிட்டால் சாயங்காலம் வரை அதுவும் நம்மைப் பார்க்கும், நாமும் அதைப் பார்க்கலாம். இப்போதெல்லாம் 'அன்புடையீர்' என்று தொடங்குவதற்குள் மீதிக் கடிதத்தை மெஷினே எழுதி நீட்டுகிறது, படித்துப் பார்த்தால் நான் எழுதியிருக்கக்கூடியதைவிட மரியாதையாகவும் இருக்கிறது.

இவ்வளவையும் கற்றுக்கொண்டு ஓர் ஆடிட்டர் ஆபீஸில் போய்ச் சேர்ந்தால், அங்கே இருந்தது சிவப்பு முதுகு லெட்ஜர்கள்தான். வருடக் கடைசியில் ட்ரையல் பேலன்ஸ் போடுவோம். பற்றும் வரவும் ஒரு தரத்தில் ஒத்துப்போனதாக எனக்கு நினைவில்லை. வித்தியாசம் 180 ரூபாய் என்றால், மூத்த குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "ஒன்பதால வகுபடுதா பாரு தம்பி" என்பார். வகுபட்டால் எங்கோ எண் இடம் மாறி விழுந்திருக்கிறது, 4,750ஐ யாரோ 4,570 என்று எழுதியிருக்கிறார்கள். வகுபடாவிட்டால் பாதியாக்கிப் பார்க்க வேண்டும். அந்தப் பாதித் தொகை பக்கம் மாறி ஏறியிருக்கலாம். டீயும் மெதுவடையும் வரவழைத்து, ஒருவர் படிக்க ஒருவர் டிக் அடிக்க, இரவு பதினொரு மணிக்கு அந்த எண் அகப்பட்டதும் ஆபீஸே எழுந்து நின்று சிரிக்கும். ஆடிட்டர்கூடச் சிரிப்பார், மறுநாள் காலை வரை.

பிறகு டேலி வந்தது. பெங்களூரில் 1986இல் தொடங்கிய கம்பெனியின் சரக்கு, தென்னாட்டுக் கடை கண்ணி முழுக்க எப்போது புகுந்ததென்றே தெரியாமல் புகுந்துவிட்டது. எஃப் 5 தட்டினால் பேமென்ட், எஃப் 6 ரசீது, எஃப் 7 ஜர்னல். நான் கற்ற வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் மூன்றும் மண்ணோடு போய்விட, இந்த மூன்று பொத்தான்கள் மட்டும் இன்றுவரை இடம் மாறாமல் எனக்குச் சோறு போடுகின்றன.

அண்ணன் மகள் இப்போது பி.காம். சி.ஏ. படிக்கிறாள், சி.ஏ. என்றால் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். அவளிடம் இந்தப் பதினொரு மணிக் கதையைச் சொன்னேன். "டேலி ஆகாம எப்படிப் போகும் சித்தப்பா?" என்றாள். நியாயமான கேள்வி. இரண்டு பக்கமும் சமமில்லாத வவுச்சரை அந்த மென்பொருள் ஏற்றுக்கொள்ளவே செய்யாது. ஆகவே இன்று என்னிடம் வரும் கணக்குகள் எல்லாம் பைசா பிசகாமல் ஒத்துப்போகின்றன, முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்கிய பட்டுப்புடவை 'பராமரிப்புச் செலவு' என்ற தலைப்பில் உட்கார்ந்திருந்தாலும்.

கோத்ரெஜ் 1955இல் செய்யத் தொடங்கிய டைப்ரைட்டரை 2009இல் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் நம்மூரில் லோயர், ஹையர் தேர்வுகள் நடந்தன. அரசுத் தட்டச்சர் வேலைக்குப் போக விரும்பும் பிள்ளைகள், கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழையும் வாங்கிக்கொண்டு, கோத்ரெஜே கைவிட்ட மெஷினிலும் தட்டிப் பழகினார்கள். முன்னேற்றத்தை நம்புகிறவர்கள் இதைக் கேட்டுக் கோபப்படுவார்கள். எனக்கு என்னவோ பிடித்திருக்கிறது.

உங்கள் வீட்டில் பி.காம். படிக்கும் பிள்ளை இருந்தால், ஒரு சாயங்காலம் ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு ட்ரையல் பேலன்ஸைக் கையால் போடச் சொல்லிப் பாருங்கள். மெதுவடை உங்கள் செலவு. திட்டு விழுந்தால் என்னைக் கைகாட்டிவிடுங்கள்.