சம்பளம் வாங்கிக்கொண்டு படம் பார்ப்பவர்கள்

ஸ்கார்பரோ, கனடா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால், "தினமும் வாட்ஸப்பில் குட்மார்னிங் அனுப்புறவனுக்கு அப்புறம் என்னடா ஆவல்?" என்று கேட்பீர்கள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் கேட்ட கேள்விக்கு வாட்ஸப்பில் பதில் சொன்னால் என் கட்டைவிரல் தேய்ந்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

பாப்பா சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சந்தோஷம். ஆனால் சேர்ந்த நாளிலிருந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் படம் பார்க்கிறாளாம். நடுவில் கேள்வி வருமாம், எதையோ அமுக்குவாளாம், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாளாம். "விடியக்காலைல கேம்ப் ரோட்ல நின்னு கம்பெனி பஸ்ஸைப் பிடிச்சு, மேடவாக்கம் டிராஃபிக்கெல்லாம் தாண்டிப் போய்ப் பார்க்கிற படத்தை நம்ம வீட்டு ஹால்லயே பார்க்கக்கூடாதா? இதுக்குச் சம்பளம் வேறயா?" என்று நீங்கள் கேட்டீர்கள். பக்கத்தில் சித்தி சிரித்த சத்தம் எனக்கு இங்கே வரைக்கும் கேட்டது.

சித்தப்பா, அந்தப் படத்தைக் காட்டுகிற ஆள் நான்தான். பாப்பாவுக்கு இல்லை, இங்கே. "கனடாவுல டிரெய்னிங் டிபார்ட்மென்ட்ல இருக்கான்" என்று ஷண்முகம் ரோடு மளிகைக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறீர்களே, அந்த டிபார்ட்மென்ட் என்பது வேர்ஹவுஸின் ஓரத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். பஞ்சு பிய்ந்த ஹெட்போன்கள். திங்கட்கிழமை காலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பூட்ஸில் ஒட்டின பனியோடு உள்ளே வருவார்கள். ஆளுக்கு ஒரு நாற்காலி காட்டி, ஐ.டி., பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்து, பாடத்தைத் திறந்து வைப்பது என் உத்தியோகம். அதற்குமேல் நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. திரையில் ஒரு பெண்மணி பேசுவார். மஞ்சள் ஹெல்மெட் போட்ட பொம்மை. ஆசிட் கொட்டினாலும் சிரிப்பார், ஏணி சரிந்தாலும் சிரிப்பார்.

அவர் பேசி முடிக்கிற வரைக்கும் 'நெக்ஸ்ட்' பட்டன் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். அமுக்கினாலும் நகராது. முதல் ஐந்து நிமிஷம் எல்லாரும் ஒழுங்காகக் கேட்பார்கள். பிறகு அறை முழுக்க டக்டக்கென்று செத்த பட்டனை அமுக்குகிற சத்தம்தான். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னிடம் கேட்டார்: "தம்பி, இந்தப் பிள்ளை மூச்சு விடாமல் கதைக்குது. இவவுக்கு ஆர் தேத்தண்ணி குடுக்கிறது?"

பரீட்சையில் எல்லாரும் பாஸ். அதற்கொரு ரகசியம் உண்டு. பாப்பாவும் இதற்குள் கண்டுபிடித்திருப்பாள். நான்கு விடைகளில் எது ரொம்ப நீளமாக இருக்கிறதோ அதுதான் சரி. தப்பான விடையை யாரும் மெனக்கெட்டு மூன்று வரிக்கு எழுதுவதில்லை. 'தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டுவிட்டு, 'வேடிக்கை பார்ப்பேன்' என்பதையும் ஒரு விடையாகக் கொடுத்திருப்பார்கள். நம் ஊரில் அதுதான் நடக்கும் என்றாலும் அதற்கு மார்க் கிடையாது.

விமிஸ் என்று ஒரு பாடம் இருக்கிறது. ஆபத்தான ரசாயனங்களை அடையாளம் காண்பதற்காக 1988இல் கனடா முழுக்கக் கொண்டுவந்த முறை. டப்பாக்களில் ஓரம் சிவந்த, முனையில் நிற்கிற சதுரத்துக்குள் படம் போட்டிருப்பார்கள். கூடுவாஞ்சேரிப் பையன் ஒருவன், வந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும், மண்டையோடும் குறுக்கே எலும்பும் போட்ட படத்தைப் பார்த்ததும் 'கரண்ட்' என்று அமுக்கினான். அவனைக் குறை சொல்லவே மாட்டேன். நம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் 'அபாயம்' என்று எழுதி அதே மண்டையோடுதானே தொங்குகிறது? இங்கே அதற்கு அர்த்தம், உள்ளே போனால் சீக்கிரமே ஆளைக் கொல்லும் விஷம். இன்னொரு படத்தில் ஒரு மனிதரின் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்திருக்கும். புற்றுநோய் மாதிரி நாள்பட உடம்பைக் கெடுக்கிற சரக்கு என்று அர்த்தம். பையன் 'ஹார்ட் அட்டாக்' என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பஞ்சாபிப் பையன் 'லவ்' என்றான். கம்ப்யூட்டர் இரண்டு பேருக்கும் சிவப்புப் பெருக்கல் குறி போட்டது. ஏன் என்று அது சொல்லவில்லை. இந்த டிரான்ஸ்ஃபார்மர் விஷயம் அதற்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும், அதனால் சொன்னேன். அந்த நிமிஷம் ஒன்றுக்காவது நான் வாங்குகிற சம்பளம் தகும்.

இந்த மாதிரிப் பாடங்கள் நேற்று வந்தவை இல்லை, சித்தப்பா. 1960இலேயே அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர் என்பவர் பிளேட்டோ என்று ஒரு கம்ப்யூட்டர் வாத்தியாரை உருவாக்கிவிட்டார். அவரவர் வேகத்தில் படிக்கலாம், புரியாவிட்டால் திரும்பப் பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவன் சிரிக்க மாட்டான் என்பதுதான் எண்ணம். நல்ல எண்ணம்தான். மேற்குத் தாம்பரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நான் உட்கார்ந்து ஏ எஸ் டி எஃப் அடித்தபோதும் இதைத்தானே செய்தேன்? மாஸ்டர் வாசலில் பேப்பர் படிப்பார், பாடம் பெஞ்சில் இருக்கும், வேகம் என் விரலில். ஒரு வித்தியாசம், பேப்பர் படித்துக்கொண்டே மாஸ்டர் சத்தத்தை வைத்துத் தப்பைக் கண்டுபிடிப்பார்.

சரி, சம்பளம் ஏன் என்று கேட்டீர்களே. இந்த ஒன்டாரியோ மாகாணத்தில் சட்டமோ முதலாளியோ கட்டாயமாக்கிய பயிற்சி என்றால் அந்த நேரமும் வேலை நேரம்தான், கூலி கொடுத்தாக வேண்டும். அப்படி ஒரு பாடம் கட்டாயமானது எப்படி என்ற கதையில் சிரிக்க ஒன்றுமில்லை.

2009 டிசம்பர் 24. மறுநாள் கிறிஸ்துமஸ். டொராண்டோவில் கிப்ளிங் அவென்யூ அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் வெளிப்பக்கம் சாரம் தொங்கவிட்டு பால்கனிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். 13ஆம் மாடி உயரத்தில் அந்தத் தொங்குசாரம் ஒடிந்தது. நான்கு பேர் இறந்துபோனார்கள். கீழே விழுந்த இன்னொருவர் படுகாயத்தோடு பிழைத்தார். என்னை மாதிரிப் பிழைக்க வந்தவர்கள். இடுப்பில் கட்டிக்கொள்ள எல்லாருக்கும் கயிறு இல்லை என்று தெரிந்தும் ஏறியிருக்கிறார்கள். 'கயிறு இல்லாமல் ஏற மாட்டேன்' என்று சொல்லச் சட்டம் அன்றைக்கும் அவர்களுக்கு உரிமை கொடுத்திருந்தது. சைட்டைக் கவனித்த மேனேஜருக்கு 2016இல் மூன்றரை வருஷம் சிறைத்தண்டனை விதித்தார்கள். விபத்துக்குப் பிறகு டோனி டீன் தலைமையில் அரசு ஒரு நிபுணர் குழுவைப் போட்டது. எந்த வேலையாக இருந்தாலும், யாராக இருந்தாலும் அடிப்படைப் பாதுகாப்புப் பாடம் படித்திருக்க வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. 2014 ஜூலை 1 முதல் அது சட்டம். ஒரு மணி நேரப் பாடம், இலவசம், முடித்தால் சான்றிதழ். ஆபத்தைத் தெரிந்துகொள்ள, பாதுகாப்புப் பேச்சில் பங்குகொள்ள, ஆபத்தான வேலையை மறுக்க என்று மூன்று உரிமைகளை அதில் சொல்கிறார்கள். மஞ்சள் ஹெல்மெட் பெண்மணி இதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்.

மறுக்கும் உரிமை பற்றிய கேள்விக்கு இந்த அறையில் யாருமே தப்பாகப் பதில் போட்டதில்லை. வெளியே போய் யாராவது மறுக்கிறார்களா பாருங்கள்! ஒரு நாள் காலையில் நூற்றுக்கு நூறு வாங்கின மாணவன் ஒருவன், அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே, மேல்தட்டில் இருந்த பெட்டியை எடுக்க ரேக் கம்பியைப் பிடித்துக் குரங்கு மாதிரி ஏறிக்கொண்டிருந்தான். ஏணியில் இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை, எப்போதும் மூன்று பிடி இருக்க வேண்டும் என்று காலையில்தான் படித்தான். இறக்கிவிட்டு, "காலைல என்னப்பா பார்த்தே?" என்றேன். "அது படம்ணா" என்றான். யாராவது சொல்லித்தான் ஏறினானா என்று கேட்டேன். பதில் இல்லை. வேலைக்கு வந்த முதல் நாளே சூப்பர்வைசரிடம் முடியாது என்று சொல்ல எந்த ஊர்ப் பிள்ளைக்குத் தைரியம் வரும்?

அதனால்தான் எனக்கு உங்கள் ரயில்வே கார் ஷெட் கதைகள் ஞாபகம் வரும். தாம்பரம் ஷெட்டில் அப்ரென்டிஸ் பையன்கள் வந்தால் முதல் மூன்று நாள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்வீர்களாமே. எதையும் தொடாதே, பாரு. மேலே கம்பியில் 25,000 வோல்ட். பேன்டோகிராஃப் இறங்கியிருக்கா, எர்த் போட்டாச்சா, நீயே பார்த்தியா, இல்லை யாரோ சொன்னாங்களா? நான்கு விடையெல்லாம் கொடுக்க மாட்டீர்கள். தப்பாகச் சொன்னால் அன்றைக்கு டீ வாங்கித் தர வேண்டும். அவர்களில் ஒருவருக்கும் சான்றிதழ் இல்லை, விரல்கள் எல்லாம் இருக்கின்றன என்று பெருமையாகச் சொல்வீர்கள். உங்கள் முறையிலும் ஓட்டை உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். நல்ல ஆள் கையில் கிடைத்த பையன் தப்பித்தான். "போடா, போய்ப் பண்ணு" என்கிற ஆள் கையில் கிடைத்தவன்? சானடோரியத்தில் 1984இல் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் வந்த பிறகு நம் தெருவிலிருந்து தையல் கம்பெனிக்குப் போன அக்காக்களும் பக்கத்து மிஷின் அக்காவைப் பார்த்துத்தானே கற்றுக்கொண்டார்கள்? பக்கத்தில் உட்காருகிறவர் சிடுமூஞ்சியாக இருந்தால் அன்றைய பாடம் அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது. யாழ்ப்பாணத்து அம்மாவுக்கும் கூடுவாஞ்சேரிப் பையனுக்கும் ஒரே பாடம், ஒரே சிரிப்பு.

என் அபிப்பிராயம் இதுதான். அந்தப் பாடத்தில் பாதி, 'நாங்கள் சொல்லிக்கொடுத்துவிட்டோம், இதோ தேதி, இதோ நேரம்' என்று கம்பெனி நாளைக்குக் காட்டுவதற்கு. மீதிப் பாதி நிஜமாகவே தொழிலாளிக்கு. அது உள்ளே இறங்க வேண்டுமென்றால் படம் முடிந்ததும் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். ஃபோர்க்லிஃப்ட்டுக்கு மட்டும் இங்கே அதை ஒழுங்காகச் செய்கிறார்கள். கம்ப்யூட்டரில் எத்தனை மார்க் வாங்கினாலும் சரி, ஓட்டிக் காட்டினால்தான் சாவி. மற்றதற்கெல்லாம் 'நெக்ஸ்ட்' போதும் என்று விட்டிருப்பது எனக்குச் சம்மதமில்லை.

இப்போது பாப்பாவுக்கு ஒரு விஷயம், நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னால் "அண்ணா, அட்வைஸா?" என்பாள். அவள் பார்க்கிற பாடங்களில் பாஸ்வேர்டைப் பத்திரமாக வைப்பது பற்றி ஒன்று வரும், அதை எப்படி வேண்டுமானாலும் ஓட்டட்டும். வேலையிடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொந்தரவு வராமல் தடுக்கிற 2013ஆம் வருஷச் சட்டம் பற்றியும் ஒன்று வரும். நீளமான விடையை அமுக்கிவிட்டு அதைத் தாண்டிப் போகக் கூடாது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற எந்த அலுவலகத்திலும் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும், அதற்கு ஒரு மூத்த பெண் அதிகாரிதான் தலைமை. நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அந்தக் குழுவில் யார் யார், எந்த நம்பர் என்று இந்த வாரமே கேட்டு, கம்ப்யூட்டரில் இல்லாமல் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட்டால், "அப்பா கேட்கச் சொன்னார்" என்று உங்கள் தலையில் போட்டுவிட்டுக் கேட்கட்டும்.

சித்திக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்